ஐசியூ வாசலில் ஒரு கையெழுத்து: கருணைக் கொலைச் சட்டமும் நம் வீடுகளும்

மருத்துவமனை ஊர் என்று வேலூருக்குப் பெயர். 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம்தான் இன்றைக்கு சிஎம்சி என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் என்று எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்கியிருக்கின்றன. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அணைக்கட்டு, ஒடுகத்தூர், கண்ணமங்கலம் பக்கமிருந்து 108 வண்டிகள் வந்தபடி இருக்கின்றன. உயிர் பிழைக்க வருகிற ஊர் இது. அதனாலேயே, பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பிறகு எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்ற கேள்வியும் இங்கே அன்றாடம் எழுகிறது.

அந்தக் கேள்விக்கு நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் விடை காண்கின்றன. ஒரு பெரியவருக்குப் பக்கவாதம் வந்து மூளையில் ரத்தக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். வென்டிலேட்டரில் வைத்துப் பத்து நாளாகிவிட்டது. "இனிமே பெருசா எதிர்பார்க்க முடியாது" என்று டாக்டர் சொல்கிறார். வெளியே மகன்களும் மருமகனும் ஒரு சித்தப்பாவும் கூடிப் பேசுகிறார்கள். அடகு வைத்த நகையைப் பற்றியும் பேச்சு வருகிறது, அப்பா படுகிற பாட்டைப் பற்றியும் வருகிறது. கடைசியில் மூத்தவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார். மருத்துவரின் ஆலோசனையை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று அதில் இருக்கும். ஆம்புலன்ஸில் ஒருவர், மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அமுக்கிக்கொண்டே வருவார். வீட்டு வாசல் வந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள். உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்பது அந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆறுதல்.

இதை யாரும் கருணைக் கொலை என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. அப்பாவின் மேல் உயிரையே வைத்திருக்கும் பிள்ளைகள் வேறு வழி தெரியாமல் எடுக்கிற முடிவு அது. ஆனாலும், கருணைக் கொலை விவாதத்தில் உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்விகள் எல்லாமே அந்தத் தாளுக்குள் அடங்கியிருக்கின்றன. முடிவு யாருடையது? படுத்திருப்பவர் என்ன விரும்பியிருப்பார்? முடிவைத் தள்ளியது நோயா, பணமா? குழாயை எடுத்த பிறகு வரும் மூச்சுத் திணறலுக்கு யாராவது மருந்து கொடுத்தார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை.

2018-லிருந்து நம் நாட்டில் இதற்கென்று ஒரு சட்ட வழி இருக்கிறது. 2023-இல் அது இன்னும் எளிதாக்கப்பட்டது. கொலையைப் பற்றிய சட்டம் என்று நினைத்து நாம் அதைத் தள்ளி வைத்துவிட்டோம். உண்மையில் அந்த ஐசியூ வாசல் கையெழுத்துக்கு மாற்றாக எழுதப்பட்ட வழி அது என்பதுதான் என் எண்ணம்.

முதலில் எதெது எந்தப் பக்கம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். நோயாளியே கெஞ்சிக் கேட்டிருந்தாலும் குற்றம்தான். பதினெட்டு வயது நிரம்பியவர் தானே சம்மதித்தார் என்றால், கொலை என்ற கடும் குற்றச்சாட்டு, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று ஒரு படி இறங்கும். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவின் விதிவிலக்கு அவ்வளவுதான் தருகிறது, விடுதலை தருவதில்லை. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள உதவுவதும் 108-ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியது. வெளிநாடுகளில் மருத்துவர் எழுதித் தரும் மருந்தை நோயாளியே உட்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதே, அது இங்கே இந்தப் பிரிவில்தான் மாட்டும்.

மறுபக்கம், பலன் தராத உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும், தொடங்கியதை நிறுத்துவதும், நடைமுறைப்படி செய்தால் சட்டப்படி சரி. இதோடு மூளைச்சாவைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூளைத்தண்டு செயலிழந்ததை நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்தால், 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி அது மரணமே. உறுப்பு தானத்தில் முன்னணியில் இருக்கும் தமிழ்நாட்டில் இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கருணைக் கொலை விவாதம் மூளைச்சாவு அடையாதவர்களைப் பற்றியது.

ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டங்களுக்கு, "எங்களைக் கருணைக் கொலை செய்துவிடுங்கள்" என்று மனுவோடு குடும்பங்கள் வந்ததாக அவ்வப்போது செய்தி பார்க்கிறோம். நிலத் தகராறு, பட்டா, நிறுத்தப்பட்ட உதவித்தொகை என்று காரணங்கள் இருக்கும். அந்த மனுக்களில் இருப்பது நியாயம் கிடைக்காதவர்களின் ஆற்றாமை. எந்த ஆட்சியருக்கும் நீதிபதிக்கும் அப்படி ஓர் அனுமதி தரும் அதிகாரம் கிடையாது. அந்த மனுவைக் கையில் வாங்குகிற அதிகாரி பட்டாவைப் பார்ப்பதோடு நில்லாமல் அந்த மனிதரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும், 104 உதவி எண்ணையாவது சொல்லி அனுப்ப வேண்டும்.

நீதிமன்றங்கள் இந்த இடத்துக்கு வந்து சேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. தற்கொலை முயற்சியைத் தண்டிக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு செல்லாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் சொன்னார்கள். 1996-இல் ஞான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றார்கள். ஆனால் இயற்கையான மரணம் நெருங்கிவிட்ட ஒருவர் கண்ணியத்தோடு சாவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி ஒரு சின்ன இடைவெளி விட்டார்கள். பின்னால் வந்ததெல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் வந்தது.

அடுத்தது அருணா ஷான்பாக். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியர். 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தார். அவரைச் சாக விட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். எதிர்த்து நின்றவர்கள் கேஇஎம் செவிலியர்கள். அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அவரை நல்ல நிலையில் பார்த்தே இராத இளம் செவிலியர்களும் ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், படுக்கைப் புண் வராமல் காத்தார்கள். 2011 மார்ச் 7-ஆம் தேதித் தீர்ப்பில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் விரானியின் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். அருணாவுக்கு நெருங்கியவர்கள் அந்தச் செவிலியர்கள்தான், அவர்கள் அவரை வாழ வைக்க விரும்புகிறார்கள் என்பது காரணம். அதே தீர்ப்பில், தகுந்த நிலையில் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்று பொது வழியையும் திறந்தார்கள். அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார். ரத்த உறவை விடப் பராமரித்த கைக்கு அதிக உரிமை என்று சொன்ன தீர்ப்பாக நான் இதை வாசிக்கிறேன். சொத்துக்கு வாரிசு யார் என்பதும் வலிக்குப் பக்கத்தில் இருந்தவர் யார் என்பதும் வேறு வேறு கேள்விகள்.

'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு 2005-இல் போட்ட வழக்கில் 2018 மார்ச் 9 அன்று தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கண்ணியத்தோடு இறப்பது, வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் உரிமை. சுயநினைவோடு இருக்கும்போதே ஒருவர், 'எனக்கு இன்ன நிலை வந்தால் இன்ன சிகிச்சை வேண்டாம்' என்று எழுதி வைக்கலாம். இதைத்தான் லிவிங் வில், மருத்துவ உயில் என்கிறோம். ஆனால் அன்றைக்குச் சொன்ன நடைமுறை நடக்கிற காரியமாக இல்லை. உயிலில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்களைக் கொண்ட குழு வேண்டும். ஆட்சியர் இரண்டாவது குழு அமைக்க வேண்டும். அப்புறம் நடுவரே நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். பெரிய நகரத்திலேயே இதெல்லாம் கூடிவருவது கடினம். ஆம்பூரிலோ திருப்பத்தூரிலோ ஒரு நர்சிங் ஹோமில் எப்படி நடக்கும்?

தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் மறுபடி நீதிமன்றம் போய், 2023 ஜனவரி 24 அன்று இந்த முடிச்சுகளில் பல அவிழ்ந்தன. இப்போதுள்ள முறை இது: உயிலை இரண்டு சாட்சிகள் முன்னால் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜடட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தான் பேச முடியாத நிலையில் தன் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்று ஒருவரையோ பலரையோ அதில் பெயர் குறிப்பிடலாம். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம், ரத்து செய்யலாம். ஒரு நகலைக் குடும்ப மருத்துவரிடமும், இன்னொன்றை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கென நியமிக்கப்பட வேண்டிய அலுவலரிடமும் கொடுத்து வைக்க வேண்டும்.

அந்த நிலை வந்ததும், சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் ஐந்து ஆண்டாவது அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் குழு, முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். பிறகு, அதில் இல்லாத நிபுணர்களும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் சேர்ந்த இரண்டாவது குழு அதைத் தனியாகப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் நடுவருக்குத் தகவல் கொடுத்துவிட்டு நிறுத்தலாம். ஒத்துப்போகாவிட்டால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. உயிலே எழுதாதவருக்கும், நெருங்கிய உறவினர் சம்மதத்தோடு இதே இரண்டு குழு வழி பொருந்தும். ஐசியூ வாசலில் நிற்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி வரிதான். அதுதான் அவர்களுக்கு யாரும் சொல்லாததும்.

முதல் குழுவுக்கு 48 மணி நேரம், இரண்டாவதற்கு இன்னொரு 48 மணி நேரம். மூத்த மகன் தாளில் கையெழுத்துப் போட அரை மணி நேரம். கையெழுத்து வழிதான் சுலபம் என்று குடும்பமும் மருத்துவமனையும் நினைப்பதில் ஆச்சரியமில்லை. குழு வழியில் மருத்துவர்களும் சேர்ந்து பொறுப்பேற்கிறார்கள், எல்லாம் கோப்பில் பதிவாகிறது. கையெழுத்து வழியில் முழுப் பாரமும் ஒரு மகனின் தலையில். "நான்தான் அப்பாவைக் கொன்னுட்டேனோ" என்று பல ஆண்டுகளுக்குப் பிறகும் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் உண்டு. அப்படி ஒருவருக்கு, 'நீங்கள் கொல்லவில்லை, நோய் கொன்றது' என்று எழுத்தில் சொல்ல யாரும் இல்லாமல் போகிறது.

சரி, சட்டம் இருக்கட்டும். ஊசி போட்டு முடிப்பதும் குழாயை எடுத்து விடுவதும் முடிவில் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தத்துவத் துறையில் இது நெடுநாள் வாதம். விளைவு ஒன்று, எண்ணமும் ஒன்று என்றால், ஒன்றைக் குற்றம் என்றும் மற்றதைக் கருணை என்றும் எப்படிப் பிரிக்கலாம்? நாள் கணக்கில் மூச்சுத் திணறிச் சாவதைவிட ஓர் ஊசி இரக்கமானது இல்லையா? இதை அலட்சியமாகத் தள்ள முடியாது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-இலும், கனடா 2016-இலும், ஸ்பெயினும் நியூசிலாந்தும் 2021-இலும் இந்த வாதத்தின் ஏதாவது ஒரு வடிவத்தை ஏற்றுச் சட்டம் நடைமுறைப்படுத்தின. கனடா 2021-இல், சாவு நெருங்காத நோயாளிகளுக்கும் இதை விரித்தது. மனநோய் ஒன்றை மட்டும் காரணமாக ஏற்பதை 2027 மார்ச் வரை தள்ளிப் போட்டிருக்கிறது. கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்ற அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊர் நிலைமையில் அந்தப் பிரிவினை தேவை என்று நான் நினைக்கிறேன். சிகிச்சையை நிறுத்தும்போது, மருத்துவர்கள் தவறாகக் கணித்திருந்தால் உடம்பு பிழைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு மிஞ்சும். ஊசியில் அது இல்லை. இன்னொன்று, விரும்பாத சிகிச்சையை ஒருவர் மேல் திணிக்க யாருக்கும் உரிமையில்லை என்பதிலிருந்து முதல் அனுமதி பிறக்கிறது. இரண்டாவதற்கு, ஒருவரைக் கொல்லும் அதிகாரத்தை மருத்துவருக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டும். வைத்தியச் செலவுக்கு வீட்டை விற்கும் நிலையில் மக்கள் இருக்கும் ஒரு நாட்டில் அந்த அதிகாரம் யார் மேல் முதலில் பாயும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பக்கத்தில், தலைக்கூத்தல் என்ற பெயரில் படுத்த படுக்கையான முதியவர்களை உறவினரே முடித்துவிடும் வழக்கம் 2010 வாக்கில் செய்திகளில் பெரிதாக அடிபட்டது. செய்தவர்கள் பலர் அதைக் கருணை என்றுதான் சொன்னார்கள். அந்த முதியவர்களைக் கேட்டார்களா என்பதற்குப் பதில் இல்லை. வட ஆர்க்காட்டில் அப்படி ஒரு வழக்கம் பேர் எடுக்கவில்லை, உண்மை. ஆனால் "கிடையில விழாம போய்ச் சேரணும்", "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று சொல்லாத பாட்டி இங்கே எந்த வீட்டில் இருக்கிறார்? அந்தப் பேச்சைச் சாவதற்கான சம்மதமாக எடுத்துக்கொண்டால் பெரிய அநியாயம் நடந்துவிடும். பல நேரம் அது, 'என்னை யாராவது பார்த்துக்கொள்வீர்களா' என்ற கேள்விதான்.

இந்த இடத்தில் வேலூருக்கே உரிய ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டாக்டர் மேரி வர்கீஸ் சிஎம்சியில் இளம் மருத்துவராக இருந்தபோது 1954 ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, பாகாயத்தில் இன்று அவர் பெயரில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்துக்கு வழிவகுத்தார். அங்கே பயிற்சி பெறுகிறவர்களில் பலர் மரத்திலிருந்து, கட்டடத்திலிருந்து விழுந்தவர்கள், வண்டியில் அடிபட்டவர்கள். இனி எதற்கு வாழ வேண்டும் என்று முதல் மாதங்களில் நினைக்கும் ஒருவர், பிறகு கடை வைத்துப் பிழைப்பதும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் நடக்கிறது. 1973 டிசம்பர் 24 அன்று வேலூர் சிஎம்சியில் இறந்த பெரியார், சிறுநீர்க் குழாயைச் சுமந்துகொண்டே கடைசி வாரம் வரை மேடை ஏறிப் பேசினார். உடம்பில் குழாய் இருப்பதும் பிறர் உதவி தேவைப்படுவதும் வாழத் தகாத நிலை என்று யாராவது சொன்னால் அதை எதிர்க்க வேண்டும். உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் கருணைக் கொலைச் சட்டங்களைக் கண்டு அஞ்சுவதும் இதனால்தான். அந்த அச்சத்துக்கு நான் முழு மதிப்புத் தருகிறேன். ஆகவே சிகிச்சையை நிறுத்தும் முடிவு, உடல் மீள வழியே இல்லை, சிகிச்சை சாவதை மட்டும் நீட்டுகிறது என்ற நிலையோடு நிற்க வேண்டும்.

உண்ணாமல் இருந்து உயிர் துறப்பது என்ற இன்னொரு பழைய வழியும் நம் மண்ணுக்குத் தெரியும். காட்பாடியை அடுத்த வள்ளிமலையிலும் போளூர் பக்கத்துத் திருமலையிலும் சமணச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய பழைய கல்வெட்டு இருக்கிறது. சங்க காலத்தில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும், பிசிராந்தையார் வந்து உடன் அமர்ந்ததையும் பள்ளியிலேயே படித்தோம். சல்லேகனை என்னும் சமணர்களின் உண்ணா நோன்பு தற்கொலைக்குச் சமம் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 10 அன்று தடை விதித்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அந்த நோன்பில் முடிவெடுப்பவர் முழு நினைவோடு, எல்லோர் முன்னிலையிலும், தானே எடுக்கிறார். எல்லோரும் பின்பற்ற வேண்டிய வழி என்று இதைச் சொல்ல மாட்டேன், வறுமையிலோ மன வேதனையிலோ இருப்பவருக்கு நிச்சயம் சொல்ல மாட்டேன். ஆனால் சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நமக்கு அந்நியம் என்ற பேச்சு எடுபடாது.

மற்ற சமயங்களும் நாம் நினைக்கிற அளவு இறுக்கமானவை இல்லை. உயிரை எடுப்பது கூடாது என்பதில் கத்தோலிக்கத் திருச்சபை உறுதியாக இருக்கிறது. ஆனாலும் அளவுக்கு மீறிய சிகிச்சைகளை ஏற்க வேண்டிய கடமை இல்லை என்று 1957-இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ் சொல்லிவிட்டார். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலரும் இதே கோட்டைத்தான் வரைகிறார்கள்.

எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி, மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ போகும் உணவுக் குழாய். அது சிகிச்சையா, சாப்பாடா? விபத்தில் நினைவிழந்து பத்தாண்டுக்கு மேல் படுத்திருந்த மகனுக்காக ஒரு பெற்றோர் தில்லி உயர் நீதிமன்றம் போனபோது, அவர் வென்டிலேட்டரில் இல்லை, வெளி உதவியின்றி உயிர் வாழ்கிறார் என்று 2024-இல் மறுத்துவிட்டார்கள். வழக்கு அதோடு முடியவில்லை. பின்னால் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், மருத்துவக் குழுக்கள் அவரைப் பரிசோதிக்கும்படி ஆனது. சாகும் நேரத்தில் பால் ஊற்றி அனுப்புகிற வழக்கமுள்ள நம் வீடுகளில், சாப்பாட்டை நிறுத்துவது என்ற பேச்சே நெஞ்சில் தைக்கிறது. "பட்டினி போட்டா அனுப்பணும்?" என்று கேட்கும் அம்மாவுக்குச் சட்டப் பிரிவைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. அவருக்கு மருத்துவ உண்மை ஒன்றை நிதானமாகச் சொல்லலாம். சாவின் கடைசிக் கட்டத்தில் உடம்புக்குப் பசி அடங்கிவிடுகிறது. அப்போது வலிந்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் புகுந்து வேதனையைக் கூட்டும். உதடு காயாமல் நனைத்துக்கொடுப்பது அந்த நேரத்துக்குப் போதுமான பராமரிப்பு. ஆனால் சாகும் தறுவாயில் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் படுத்திருப்பவரின் கதை வேறு. அங்கே நான் அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சாய விரும்பவில்லை. அப்படிப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவி தராமல், நிறுத்தலாமா என்று மட்டும் விவாதிப்பது முறையாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போனவரைப் பற்றி இப்போது பேச வேண்டும். அவருக்கு மூச்சுத் திணறும், நெஞ்சில் சளி கரகரக்கும், புற்றுநோய் என்றால் எலும்பைக் குடைகிற வலி இருக்கும். இதைப் பெரிதும் அடக்க மருந்து உண்டு, அபினிலிருந்து எடுக்கும் மார்ஃபின். சட்டப்படி அபின் விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, உரிமங்களுக்கும் தண்டனைக்கும் பயந்து மருத்துவமனைகளே மார்ஃபினை வைத்திருப்பதை விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். பயம் மட்டும் போகவில்லை. சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் சாவைத் துரிதப்படுத்துவதில்லை, அது வலியைத்தான் கொல்கிறது. இதை அறியாத மருத்துவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

கேரளம் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, ஊராட்சி வரைக்கும் வலி தணிப்பு சிகிச்சையைக் கொண்டு போயிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டிலேயே வலி தணிப்பு சிகிச்சை தருவதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. சிஎம்சியிலும் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஐசியூவிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது, அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட்டு, இன்ன மருந்து, இன்ன அளவு, நாளைக் காலை செவிலியர் வரட்டும் என்று ஏற்பாடு செய்ய முடியாதா? இது புதிய சட்டம் கேட்கும் வேலை இல்லை. வலி அடங்கி, தனியாக விடப்படவில்லை என்ற நம்பிக்கை வந்த பிறகு, "என்னைச் சாக விடுங்க" என்று சொன்னவரே பேச்சை மாற்றுவதை வலி தணிப்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பேரன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். மருந்து கொடுத்துப் பார்க்காமலேயே ஒருவரின் சாவு விருப்பத்தை அவருடைய இறுதி முடிவு என்று எப்படி எடுத்துக்கொள்வது?

அரசு பக்கம் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. கோவாவில் 2024-இல் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் தன் மருத்துவ உயிலைப் பதிவு செய்து முன்னுதாரணம் காட்டினார். கர்நாடகம் 2025 ஜனவரியில் இரண்டு குழுக்கள் எப்படி அமைய வேண்டும் என்று அரசாணையே போட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2024-இல் சிகிச்சை நிறுத்தம் குறித்த வரைவு வழிகாட்டுதலைக் கருத்துக் கேட்க வெளியிட்டது. நம் பக்கத்தில் உடனே செய்யக்கூடியவை சில எனக்குத் தோன்றுகின்றன. வேலூர் மாநகராட்சியும், குடியாத்தம், ஆற்காடு, வாணியம்பாடி போன்ற நகராட்சிகளும் மருத்துவ உயிலை வாங்கி வைக்கும் அலுவலர் யார் என்பதைப் பெயர்ப்பலகையில் எழுதி வைக்கலாம். பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் அதே பிரிவில் இதையும் வைக்கலாம். இரண்டாவது குழுவுக்கு வரக்கூடிய மருத்துவர்களின் பட்டியலை மாவட்ட மருத்துவ நிர்வாகம் முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால், அந்த 48 மணி நேரம் ஆள் தேடுவதில் வீணாகாது. மருத்துவமனைகள் அட்மிஷன் படிவத்தில், 'மருத்துவ உயில் எழுதியிருக்கிறீர்களா, உங்கள் சார்பில் பேச வேண்டியவர் யார்' என்று இரண்டு வரி சேர்க்கலாம். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகும் அந்தத் தாளை நீட்டுவதற்கு முன்னால், இரண்டு குழு வழி ஒன்று இருக்கிறது என்று குடும்பத்துக்குத் தமிழில் சொல்ல வேண்டும். காந்தி ரோட்டு லாட்ஜிலிருந்து வந்திருப்பவர்களுக்கு வங்காளத்திலும் இந்தியிலும் சொல்ல வேண்டும்.